அரைமணி நேரச் சுற்று

அமெரிக்கப் புறநகர்களின் கடைவரிசைகளில், சலவைக்கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவே, பெண்களுக்கு மட்டுமான உடற்பயிற்சிக் கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்ட ஆண்டுகளில், அப்படியொரு கூடத்தில் நான் முதலில் வரவேற்பு மேசையிலும் பிறகு பயிற்சியாளராகவும் கடைசியில் மேலாளராகவும் வேலை பார்த்தேன். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அன்றைய சங்கிலி நிறுவனங்கள் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தவை என்பதால் ஒன்றை அறிந்தவருக்கு மற்றவை புதிதாக இருக்காது. அந்தத் தொழில் ஏன் அவ்வளவு வேகமாகப் பெருகி, அதே வேகத்தில் சுருங்கியது என்ற பேச்சு வரும்போது, இயந்திரங்கள் பழையவை, மலிவு ஜிம்கள் வந்துவிட்டன, பெண்களின் விருப்பம் மாறிவிட்டது என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இவற்றில் எதுவும் பொய்யல்ல. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு வேறொன்றே முதன்மையாகப் படுகிறது: சேர்ந்தவர்களை அங்கே தக்கவைத்தது ஒரு குறிப்பிட்ட வேலை, அந்த வேலைக்கு மட்டும் யாரும் நேரமோ சம்பளமோ ஒதுக்கவில்லை.

பெண்களுக்கென்று தனிக்கூடம் என்பது அப்போது தோன்றிய யோசனையும் அல்ல. 1960, 70களிலேயே எலைன் பவர்ஸ் என்ற பெயரில், இடுப்பைச் சுற்றிப் பட்டையை மாட்டி அதிரவைக்கும் கருவிகளோடு, உடலழகு நிலையங்கள் அந்த நாடெங்கும் இருந்தன. அதைச் சிறு முதலீட்டுத் தொழிலாக மாற்றியவர்கள் கேரி ஹெவின், டயேன் ஹெவின் தம்பதியினர். கேரி அதற்கு முன்பே ஹூஸ்டனில் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கூடங்களை நடத்தித் திவாலானவர். 1992இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹார்லிஞ்சன் நகரில் இருவரும் 'கர்வ்ஸ்' கூடத்தைத் திறந்தபோது, செலவு வைக்கக்கூடிய எல்லாவற்றையும் கழற்றி வைத்திருந்தார்கள்: நீச்சல்குளம் இல்லை, குளியலறை வரிசை இல்லை, அழகு நிலையம் இல்லை. மிஞ்சியது ஒரு சிறிய கூடமும், வட்டமாகப் போடப்பட்ட சில இயந்திரங்களும், ஒரு நேரத்தில் ஓரிரு ஊழியர்களும் மட்டுமே. 1995இல் உரிமக் கிளைகளை, அதாவது தங்கள் பெயரில் கூடம் நடத்தும் உரிமையை, பிறருக்கு விற்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய பத்தாண்டுக்குள் உலகெங்கும் 10,000 கிளைகளை நெருங்கினார்கள். ஆண் இல்லை, ஒப்பனை இல்லை, கண்ணாடி இல்லை என்பது அவர்கள் முழக்கம். காண்டூர்ஸ் எக்ஸ்பிரஸ், ஸ்லிம் அண்ட் டோன் என்று அதே அச்சில் வேறு சங்கிலிகளும் கிளம்பின. பெரிய உணவகச் சங்கிலி ஒன்றின் கிளையை எடுக்கத் தேவைப்படும் பணத்தில் ஒரு சிறு பகுதி போதும் என்பதால், உரிமம் வாங்கியவர்களில் பலர் முன்னாள் ஆசிரியைகளாகவும் செவிலியர்களாகவும், உறுப்பினராகச் சேர்ந்து பயிற்சி செய்து பிடித்துப்போனவர்களாகவும் இருந்தார்கள். எங்கள் கூடத்தின் உரிமையாளரும் அப்படி வந்தவர்தான்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தச் சுற்று சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரிந்திருக்கும். இயந்திரங்கள் வட்டமாக நிற்கும். ஒவ்வொரு இரண்டு இயந்திரங்களுக்கும் நடுவில் ஒரு சதுரப் பலகை கிடக்கும். இயந்திரத்தில் 30 வினாடி, பலகைமேல் நின்ற இடத்திலேயே ஓட்டம் 30 வினாடி. பாட்டுக்கு நடுவே பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று இடம் மாறச் சொல்லும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதே குரல் நாடித்துடிப்பை எண்ணச் சொல்ல, எல்லோரும் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் 10 வினாடி எண்ணி, சுவரிலுள்ள வயதுவாரி அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள். இரண்டு மூன்று முறை சுற்றி வந்தால் அரைமணி நேரம் முடிந்துவிடும். இதில் நான் மெச்சுவது இயந்திரங்களை அல்ல, அந்த வட்டத்தை. எல்லோர் முகமும் உள்நோக்கி இருந்தது, பயிற்சியாளர் நடுவில் நின்றார், பார்ப்பதற்குக் கண்ணாடி இல்லை. ஆகவே ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவதைத் தவிர வேறு வழியே இல்லை. எந்த எடையை மாட்டுவது, அந்தக் கருவியில் இருப்பவர் முடித்துவிட்டாரா, அவரிடம் போய்க் கேட்கலாமா என்ற தயக்கங்கள் எவையும் அங்கே எழ வாய்ப்பில்லை. பள்ளி விளையாட்டு வகுப்புக்குப் பிறகு வேறெந்தப் பயிற்சிக்கும் போயிராத ஐம்பது வயதுப் பெண், முதல் நாளிலேயே மற்றவர்களைப் போலச் சுற்றி வந்துவிட முடிந்தது.

பெண்களுக்கு மட்டும் என்ற இந்த ஏற்பாட்டுக்கு எதிராக வழக்குகளும் வந்தன. பாஸ்டனில் பெண்களுக்கான கூடமொன்றில் தன்னைச் சேர்க்க மறுத்தது பாகுபாடு என்று 1997இல் ஓர் ஆண் வென்ற வழக்கையடுத்து, மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 1998இல் இத்தகைய கூடங்களுக்கு விலக்களித்துச் சட்டம் இயற்றியது. எங்கள் உறுப்பினர்களைப் பொறுத்தவரை அது வாதத்துக்குரிய விஷயமாகவே இருக்கவில்லை. ஆண்கள் நடுவே வியர்த்து மூச்சு வாங்க நேரும் என்றால் வந்திருக்கவே மாட்டேன் என்று சொன்னவர்கள் அவர்களில் ஏராளம்.

இயந்திரங்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவற்றில் எடைத்தட்டுகள் கிடையாது. சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய் ஒரு சிறு துவாரத்தின் வழியே தள்ளப்படும்போது உண்டாகும் எதிர்ப்புதான் எல்லாம். வேகமாகத் தள்ளினால் எதிர்ப்பு கூடும், மெதுவாகத் தள்ளினால் குறையும். ஆகையால் எண்பது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் எதையும் மாற்றாமல் அடுத்தடுத்து உட்காரலாம். தள்ளும்போதும் இழுக்கும்போதும் தசை சுருங்கியே வேலை செய்கிறது. பாரத்தை மெல்ல இறக்கும்போது தசை நீண்டுகொண்டே தாங்குகிற அந்தப் பாதி வேலை இங்கே இல்லை. மறுநாள் உண்டாகும் தசைவலிக்குப் பெரும்பாலும் காரணம் அந்தப் பாதிதான் என்பதால், புதிதாக வந்தவர்கள் வலியில்லாமல் திரும்பி வந்தார்கள். ஆனால் வலிமை கூடுவதற்கும் அந்தப் பாதி தேவை. போன மாதத்தைவிட இந்த மாதம் எவ்வளவு கூடுதலாகத் தூக்கினேன் என்று சொல்ல அங்கே எண்ணே கிடையாது. மாதம் ஒருமுறை திரைக்குப் பின்னால் எடை பார்த்து, நாடாவால் இடுப்பையும் தொடையையும் அளந்து அட்டையில் எழுதுவோம். முதல் சில மாதங்களில் அங்குலங்கள் குறையும், பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும், அதன் பிறகு அளவெடுக்கும் வாரம் பார்த்து ஆள் வராமல் போவார்கள். பழைய சிலிண்டர்கள் எண்ணெய் கசிந்து தரைவிரிப்பைக் கறையாக்கும். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை அதைத் துடைப்பதுதான்.

இனி, நான் முதலில் குறிப்பிட்ட அந்த வேலைக்கு வருகிறேன். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வருகை அட்டை உண்டு. வந்த நாளில் தேதி குறிக்கப்படும். ஒரு வாரம் குறிப்பு விழாத அட்டைகளைத் தனிப் பெட்டிக்கு மாற்றி, கூட்டம் குறைந்த பிற்பகலில் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைப்போம். முதல் நிமிடத்தில் கிடைக்கும் பதில் எப்போதும் வேலை மிகுதி என்பதாகவே இருக்கும். உண்மையான காரணம் பேச்சு கொஞ்சம் நீண்ட பிறகுதான் வெளிவரும். தோளைப் பின்னுக்கு இழுக்கும் இயந்திரம் தன்னை வலிக்கச் செய்கிறது என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு பெண்மணி நின்றுவிட்டிருந்தார். அந்த இடம் வரும்போது அதைத் தொடாமல் பலகையிலேயே தொடரலாம் என்று சொன்னதும் மறுவாரம் வந்தவர், பிறகு கூடத்தின் மிக நெடுநாளைய உறுப்பினர்களில் ஒருவரானார். இன்னொருவருக்கு வழக்கமாகத் தன்னோடு சுற்றுகிற தோழி ஊர் மாறிப்போனதுதான் காரணம். இவை எதையும் இயந்திரத்தைப் புதுப்பித்துச் சரிசெய்திருக்க முடியாது. விட்டுப் போக விரும்பியவர்கள் நேரில் வந்து சொல்லவும் மாட்டார்கள். கடிதம் அனுப்புவார்கள், அல்லது எங்கள் கடைவரிசையிலேயே இருந்த மளிகைக் கடைக்கு வருவதையும் சேர்த்து நிறுத்திக்கொள்வார்கள்.

தலைமை நிறுவனம் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி ஏறக்குறைய முழுவதும் விற்பனைப் பயிற்சி. உள்ளே வருபவரை எப்படிச் சுற்றிக் காட்டுவது, என்ன கேட்டால் அவர் தன் எடையைப் பற்றித் தானே பேசத் தொடங்குவார், சேர்க்கைக் கட்டணத் தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்பதை எந்தக் கட்டத்தில் சொல்வது என்பதெல்லாம் எழுதித் தரப்பட்டிருந்தன. மாதாந்தர அறிக்கைப் படிவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கட்டம் இருந்தது, விசாரிக்க வந்தவர்களுக்குக் கட்டம் இருந்தது. விலகியவர்களின் எண்ணிக்கையை மட்டும் நாமே கழித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு எளியது. 300 பேர் இருக்கும் கூடத்தில் மாதந்தோறும் 100க்கு 5 பேர் விலகினால், வளராமல் அப்படியே நிற்பதற்கே மாதம் 15 பேரும், ஆண்டுக்கு 180 பேரும் புதிதாகச் சேர வேண்டும். ஒரு புறநகரில் இப்படிப்பட்ட இடத்துக்கு வர விரும்பும் பெண்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? இரண்டு மூன்று ஆண்டுகளில் சேரக்கூடியவர்கள் எல்லோரும் ஒருமுறை சேர்ந்து விலகியிருப்பார்கள். இதற்கிடையில், கிளை உரிமம் விற்பதிலேயே தலைமைக்கு வருமானம் இருந்ததால், பக்கத்து ஊரிலும் அதற்கடுத்த ஊரிலும் கிளைகள் முளைத்து அதே பெண்களைப் பங்குபோட்டுக்கொண்டன. சிறு முதலீட்டில் தொடங்கலாம் என்ற கவர்ச்சியின் மறுபக்கம் இது: போட்டியாளரும் அதே சிறு முதலீட்டில் தொடங்கிவிடலாம்.

எங்கள் உரிமையாளர் இரண்டாவது கிளையை எடுத்தபோது, ஒரு வேளைக்கு இருவராக இருந்த ஊழியர்கள் ஒருவராகக் குறைக்கப்பட்டார்கள். அந்த ஒருவரே புதியவரைச் சுற்றிக் காட்ட வேண்டும், தொலைபேசியை எடுக்க வேண்டும், இயந்திரங்களைத் துடைக்க வேண்டும், வட்டத்தின் நடுவிலும் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் செய்ய முடியாதபோது முதலில் கைவிடப்பட்டது அந்தத் தனிப் பெட்டி. அழைப்புகள் நின்றதன் விளைவு உடனே தெரியவில்லை. ஆண்டு ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக முடிவுக்கு வந்தபோது மொத்தமாகத் தெரிந்தது.

வெளியில் நடந்தவை ஊரறிந்தவை. 2002இல் தொடங்கிய எனிடைம் ஃபிட்னஸ், உறுப்பினரிடமே சாவியைக் கொடுத்து 24 மணி நேரமும் திறந்து வைத்தது. பெண்கள் சங்கிலிகளின் பல கிளைகளோ நண்பகலில் சில மணி நேரம் பூட்டிக் கிடந்தன. பிளானட் ஃபிட்னஸ் மாதம் 10 டாலருக்கு விசாலமான கூடத்தைத் தந்ததோடு, அங்கே யாரும் யாரையும் பார்த்துக் குறைசொல்ல மாட்டார்கள் என்பதையே விளம்பரமாக்கி, பெண்கள் கூடங்களின் தனிச்சொத்தாக இருந்த வாக்குறுதியையும் எடுத்துக்கொண்டது. 2008இன் பொருளாதார நெருக்கடியில் வீட்டுச் செலவைக் குறைக்க உட்கார்ந்தவர்களின் பட்டியலில் எங்கள் மாதக் கட்டணம் மேலேயே இருந்தது. இளம்பெண்கள் இரும்புத் தண்டையும் எடைத்தட்டையும் கையில் எடுக்கத் தொடங்கிய காலமும் அதுவே. 2006ஐ ஒட்டி அமெரிக்காவில் மட்டும் 7,000க்கு மேல் இருந்த கர்வ்ஸ் கிளைகள், 2012இல் ஹெவின் தம்பதியினர் நிறுவனத்தை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றபோது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன.

ஆனால் இயந்திரம்தான் குற்றவாளி, சுற்றுதான் குற்றவாளி என்பவர்களுக்கு ஜப்பானைக் காட்ட வேண்டும். 2005இல் அங்கே கர்வ்ஸ் கிளைகள் தொடங்கின; பிறகு அந்தத் தொழில் கரோக்கி கூடங்களை நடத்தும் கொஷிடாகா குழுமத்தின் கைக்கு வந்தது. அதே சுற்று, அதே எண்ணெய் சிலிண்டர், அதே அரைமணி நேரம். அமெரிக்காவில் கதவுகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் அங்கே எண்ணிக்கை ஏறிச் சுமார் 2,000 கிளைகளை எட்டியது; 2018இல் அதே குழுமம் அமெரிக்கத் தலைமை நிறுவனத்தையே வாங்கிவிட்டது; 2020இல் கர்வ்ஸ் தனி நிறுவனமாக டோக்கியோ பங்குச்சந்தையில் இடம்பெற்றது. அங்கே அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள். மெலிவதைவிட, முதுமையில் தன் காலில் நடமாடுவதுதான் அவர்கள் வாங்கும் சரக்கு. அந்தத் தேவை மூன்று மாதத்தில் தீர்ந்துபோவதில்லை. உறுப்பினரைப் பெயர் சொல்லி வரவேற்பதும், ஒவ்வொருவரையும் கவனித்துத் திருத்துவதும் அங்கே ஊழியரின் வேலையாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. நாடு மாறினால் மனிதர்களும் மாறுவார்கள், அந்த நாட்டின் வயதுக் கணக்கும் வேறு என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் எங்கள் கூடத்தில் கடைசிவரை நீடித்தவர்களும் அதே வயதினர்தாம்; அவர்களை மனத்தில் வைத்து ஒரு விளம்பரத் தாள்கூட எங்களுக்கு வந்ததில்லை, வந்தவற்றிலெல்லாம் சிரித்த முகத்தோடு ஒல்லியான இளம்பெண்களே இருந்தார்கள்.

இப்போது நான் வேலை பார்ப்பது ஆண், பெண் இருபாலரும் வரும் பெரிய கூடமொன்றில். இரும்புத் தண்டுகள் இருக்கும் பகுதியில் மாலை வேளைகளில் பாதிப்பேர் பெண்கள். அவர்களுக்குத் தனிக்கூடம் தேவைப்படவில்லை, கேட்டால் சிரிப்பார்கள். அறுபது வயதில் முதன்முறையாக உள்ளே வருகிறவர்கள் வேறு. அவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறேன், அட்டையைக் கொடுக்கிறேன். அடுத்து எந்தக் கருவிக்குப் போவது என்று சொல்ல ஆள் இருப்பாரா என்று கேட்கிறார்கள். மாதக் கட்டணத்தில் அதற்கு இடமில்லை, தனிப் பயிற்சியாளரை மணிக்கணக்கில் அமர்த்த வேண்டும் என்று விலைப்பட்டியலை எடுத்து வைக்கிறேன். அதிலுள்ள ஒரு மணி நேரக் கட்டணம் எங்கள் பழைய கூடத்தின் ஒரு மாதக் கட்டணத்தைவிட அதிகம்.