வில்லூன்றி தீர்த்தத்தில் ஒரு கை நீர்

இராமேஸ்வரம் போகிறவர்கள் அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நனைந்து, ராமநாத சுவாமியைத் தரிசித்து, தனுஷ்கோடியில் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். தங்கச்சிமடம் பக்கம் ஆட்டோவைத் திருப்பச் சொல்பவர்கள் குறைவு. எனக்கோ அங்குள்ள வில்லூன்றி தீர்த்தம்தான் இந்தத் தீவின் மூலஸ்தானம்.

கடலுக்குள் நீளும் நடைபாலத்தின் முடிவில் ஒரு கிணறு. இலங்கையிலிருந்து திரும்பும்போது சீதைக்குத் தாகமெடுக்க, ராமர் வில்லைக் கடலில் ஊன்றிய இடம் என்பது தலபுராணம். நீர் இறைத்த பெரியவர், "முதலில் கடலை நாக்கில் வைத்துப் பாருங்கள் ஐயா, அப்புறம் இதைக் குடியுங்கள்" என்றார். தேனாய் இனித்தது என்றால் மிகை. கரிக்கவில்லை, நாலு பக்கமும் உப்பு நிற்கும் இடத்தில் அதுவே பெரிது.

ஐப்பசி, கார்த்திகை மழை தீவின் மணலில் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நிற்கும் என்பது கணக்கு. அதுதான் மெல்ல நகர்ந்து கரையோரம் கசிகிறது. 1964 புயல் அழித்த தனுஷ்கோடியிலும் மீனவர்கள் மணலில் ஊற்று தோண்டித்தான் குடிக்கிறார்கள். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலேறிவிடும்.

மண் கசியவிட்டதையெல்லாம் மனிதர்கள் கும்பிட்டிருக்கிறார்கள். இமாசலத்தின் ஜ்வாலாமுகியில் விக்கிரகம் கிடையாது. பாறை இடுக்கில் வரும் எரிவாயுவின் சுடரே அம்மன். அஜர்பைஜானில் பாகு அருகே சுராஹானி நெருப்புக் கோயிலிலும் நம் நாட்டு வணிகர்கள் வணங்கினார்கள். சமஸ்கிருதக் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் எரிவாயுவை உறிஞ்சி எடுத்ததில் 1969இல் அந்தச் சுடர் அணைந்துபோனது. இப்போது அங்கே எரிவது குழாயில் வரும் வாயு. ராமநாதபுரத்து மண்ணுக்கடியிலும் வாயு உண்டு, வழுதூர் மின்நிலையம் அதில்தான் ஓடுகிறது. அது துளையிட்டு எடுப்பது. இந்தக் கரையில் தானாக வந்து கைகொடுப்பது தண்ணீர் மட்டும்தான்.

வரும் வழியெல்லாம் புதுப்புது விடுதிகளைப் பார்த்திருந்தேன். அத்தனைக்கும் மோட்டார் ஓடியாக வேண்டுமே. "கோடையிலும் இப்படியே இருக்குமா?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"மழை பொய்த்த வருடம் கொஞ்சம் கரிக்கும் ஐயா" என்றவர், அடுத்து வந்த வடநாட்டுக் குடும்பத்துக்காக வாளியை இறக்கப் போய்விட்டார்.