கல்லில் வரைந்த வரவு செலவு

கல்லில் வரைந்து தாளில் பிரதி எடுக்கும் கல்லச்சுப் பட்டறையில் நெடுங்காலமாக மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். அரசியல் கேலிச்சித்திரம் என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் முதலில் எடுத்து வைப்பது, பிரெஞ்சு ஓவியர் ஒனோரே தோமியே தமது 23ஆவது வயதில், 1831 டிசம்பரில் பாரிஸில் வெளியிட்ட ‘கர்கான்துவா’ படத்தின் நகலைத்தான். கர்கான்துவா என்பது ரப்லே என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் கதையில் வரும் பெருந்தீனி அரக்கனின் பெயர். 1830 ஜூலைப் புரட்சிக்குப் பின் ‘குடிமக்களின் மன்னர்’ என்ற பெயரோடு அரியணை ஏறிய லூயி பிலிப்புக்கு ஆண்டு மானியம் எவ்வளவு என்பது அன்றைய சூடான விவாதமாக இருந்தது. அவருக்கு முன்பிருந்த பத்தாம் சார்லஸ் 2.5 கோடி பிராங்க் பெற்றார். 1832இல் இவருக்கு முடிவானது 1.2 கோடி. பாதிக்கும் கீழே குறைந்த தொகைதான், ஆனாலும் சிக்கனக்காரர் என்று பெயரெடுத்த மன்னருக்கு அதுவே அதிகம் என்று எதிர்த்தரப்பு கருதியது.

மாணவர்களிடம் படத்தை வலமிருந்து இடமாகப் பார்க்கச் சொல்வேன். வலப்புறம் கந்தலுடுத்த ஏழைகள் கூடையில் காசு போடுகிறார்கள். அவர்களுக்கிடையே கைக்குழந்தையோடு ஒரு தாயும் இருக்கிறாள். சுமைக்காரர்கள் கூடைகளை நீண்ட பலகை வழியே ஏற்றி, அன்றைய கேலிச்சித்திரக்காரர்கள் சூட்டிய பேரிக்காய்த் தலையோடு அமர்ந்திருக்கும் மன்னரின் வாயில் கொட்டுகிறார்கள். அவர் உட்கார்ந்திருப்பது அரியணை போன்ற மலப்பீடம். அதன் அடியிலிருந்து வெளியேறும் பதவி ஆணைகளையும் விருதுகளையும் பிரமுகர்கள் பொறுக்கிக்கொள்கிறார்கள். மன்னர் பெருந்தீனிக்காரர் என்று மட்டும் காட்டியிருந்தால் இது சாதாரண கேலியாகவே நின்றிருக்கும். வரிப்பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்ற முழுக் கணக்கையும் ஒரே உடம்புக்குள் அடக்கியதுதான் ஆட்சியாளர்களைச் சுட்டது என்பது என் எண்ணம்.

ஓவியமாக மட்டும் மதிப்பிட்டால் இது தோமியேயின் சிறந்த படைப்பு அன்று; படையினரால் கொல்லப்பட்டவர்களைக் காட்டி 1834இல் அவர் வரைந்த ‘ட்ரான்ஸ்னோனான் தெரு’வின் அருகில் இந்த மன்னரின் உடல் மரப்பொம்மை போல விறைத்துத் தெரிகிறது.

படம் ஓபேர் என்பவரின் படக்கடையின் கண்ணாடிச் சன்னலில் தொங்கியதுமே காவல்துறை பிரதிகளைப் பறிமுதல் செய்தது, மூலக்கல்லையும் அழிக்கச் சொன்னது. பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு அந்த இரண்டாவது ஆணையின் பொருள் சட்டென்று விளங்கும். கொழுப்பு மைக்கோலால் வரைந்த கல் கைவசம் இருக்கும்வரை பிரதிகள் எடுத்துக்கொண்டே இருக்கலாம். மணலும் நீரும் தூவி, மேலே இன்னொரு கல்லை வைத்து வட்டமாகத் தேய்த்தால்தான் படம் போகும். அரைகுறையாகத் தேய்த்தால் அடுத்த படத்தின் நடுவே பழைய கோடுகள் மங்கலாக எழும்பி வந்துவிடும்.

1832 பிப்ரவரியில் தோமியேக்கும், அச்சிட்ட தெலாபோர்த்துக்கும், விற்ற ஓபேருக்கும் ஆறு மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. வரைந்தவரோடு அச்சுக்காரரையும் கூண்டில் ஏற்றியதை எங்கள் தொழிலுக்குக் கிடைத்த மரியாதை என்று மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தோமியே ஆகஸ்டில்தான் சேன்ட் பெலாஜி சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். வெளியே வந்தும் அரசியலை விடவில்லை; 1835 செப்டம்பரில் படங்களுக்கு முன் அனுமதி கட்டாயம் என்று சட்டம் வந்த பிறகே வழக்கறிஞர்களையும் வீட்டுக்காரர்களையும் வரையத் திரும்பினார்.