பிரேசிலுக்குப் பிறகு

2022 டிசம்பர் 10, சனி. கொழிஞ்சாம்பாறை

நேற்றிரவு கால்பந்து உலகக் கோப்பையில் பிரேசில் குரோஷியாவிடம் தோற்று வெளியேறியது. கூடுதல் நேரத்தில் நெய்மார் கோல் போட்டதும் இவர் தெருவுக்கு ஓடிப்போய் ஒரு சரம் கொளுத்தினார். மிச்சச் சரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே 117-வது நிமிடத்தில் பெட்கோவிச் அடித்த கோலைப் பார்த்தார். பிறகு பெனால்டி. ரோட்ரிகோ அடித்ததை குரோஷியா கோல்கீப்பர் லிவாகோவிச் தடுத்தார், மார்க்கின்யோஸ் அடித்தது கம்பத்தில் பட்டது, அவ்வளவுதான். நெய்மாரை ஐந்தாவது ஆளாக நிறுத்தியிருந்தார்களாம். அவர் முறை வரவே இல்லை. நல்ல துணியைக் கடைசியில் தைக்கலாம் என்று மடித்து வைத்து, அதற்குள் பண்டிகையே முடிந்துபோகிறவர்களை என் தையல் கடையில் பார்த்திருக்கிறேன்.

கொழுந்தன் அர்ஜென்டினா. எதுவும் பேசாமல், முகத்தைக் கூடியவரை துக்கமாக வைத்துக்கொண்டு, பன்னிரண்டரை மணி ஆட்டத்துக்கு உட்கார்ந்தான். நெதர்லாந்தும் கடைசி நொடியில் சமன் செய்து அவன் உயிரை வாங்கியது. ஆனால் அவன் அணி பெனால்டியில் பிழைத்துக்கொண்டது.

பிரேசில் எனக்குக் கல்யாணத்தோடு வந்தது. பொள்ளாச்சியில் எங்கள் வீட்டில் கிரிக்கெட்டைத் தவிர வேறு பேச்சு கிடையாது. எல்லை தாண்டிக் கேரளத்தில் இங்கே வந்த பிறகு பிரேசிலின் மஞ்சள் சட்டை கொடுத்தார்கள், போட்டுக்கொண்டேன். இப்போது காலிறுதியோடு அந்தக் கடமை தீர்ந்தது. இனி யாரை ஆதரிப்பது என்று முதல்முறையாக நானே முடிவு செய்யலாம். இவரிடம் இன்று இதைச் சொல்ல முடியாது. சாப்பிடாமல் படுத்திருக்கிறார்.

டிசம்பர் 11, ஞாயிறு

பொள்ளாச்சியிலிருந்து அண்ணன் போன் செய்தான். நேற்று வங்கதேசத்துக்கு எதிராக இஷான் கிஷன் 210 அடித்ததைப் பந்து பந்தாகச் சொன்னான். இங்கே அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் வேறு விளையாட்டு.

இங்கே எல்லாரும் பேசுவது மொராக்கோவை. போர்ச்சுகலை 1-0 என்று அனுப்பிவிட்டது. உலகக் கோப்பை அரையிறுதிக்கு ஆப்பிரிக்க அணி ஒன்று வருவது இதுதான் முதல்முறை. ஆட்டம் முடிந்ததும் மொராக்கோ வீரர் பூஃபால் மைதானத்திலேயே தன் அம்மாவோடு ஆடினார். அத்தை அதை மட்டும் கொழுந்தனின் போனில் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். இவர் எழுந்து வேறு பக்கம் போய்விட்டார்.

டிசம்பர் 13, செவ்வாய்

கடையில் இருமுடிப் பைகள் குவிந்து கிடக்கின்றன. மண்டல காலம் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். இந்த நேரம் பார்த்து, என்னிடம் பிரேசில் கொடி தைத்த பையன்கள் அதைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

கோழிக்கோடு பக்கம் புள்ளாவூரில் ஆற்றுக்குள் மெஸ்ஸிக்கு 30 அடியும் கரையில் நெய்மாருக்கு 40 அடியும் கட்அவுட் வைத்தார்கள். எங்கள் மழை மறைவுப் பிரதேசத்தில் அதற்கு ஏது தண்ணீர்? அதனால் கொடியைப் பெரிதாக்கினார்கள். நடு வட்டத்தில் 27 நட்சத்திரங்களையும் தைக்க வேண்டும் என்றார்கள். பெயிண்டால் புள்ளி வைத்துக் கொடுத்திருந்தேன்.

"அக்கா, இதைக் குரோஷியாவாக மாற்ற முடியுமா?"

குரோஷியாவின் கேடயத்தில் சிவப்பும் வெள்ளையுமாக 25 கட்டங்கள். சபரிமலை சீசனில் யார் தைப்பது? இவருக்கும் குரோஷியாதான் வேண்டுமாம். நம்மைத் தோற்கடித்தவன் கோப்பையை வாங்கினால் நமக்கு மரியாதை என்கிறார். தோற்றவரின் மரியாதையைக் காப்பாற்ற 37 வயதில் அவர்கள் கேப்டன் மோட்ரிச் ஓட வேண்டும், அப்படித்தானே?

மொராக்கோ கொடி சிவப்பு, நடுவில் பச்சை நட்சத்திரம். பச்சைத் துணி பிரேசிலிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. சொன்னதும் பையன்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த நட்சத்திரம் நிரப்பியது இல்லை. ஐந்து பட்டைகள் ஒன்றின் மேலும் கீழுமாகப் பின்னிப் போகின்றன. முடைவது போல மாற்றி மாற்றிக் கொடுத்துத் தைத்தால் அழகாக வருகிறது.

துணி மட்டும் காரணம் இல்லை. அந்த அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஹக்கிமி பிறந்தது மாட்ரிட்டில். அதே ஸ்பெயினுக்கு எதிராகக் கடைசிப் பெனால்டியை அலட்சியமாகத் தட்டிவிட்டு வென்று கொடுத்தார். கோல்கீப்பர் பூனு மாண்ட்ரியலில் பிறந்தவர், பயிற்சியாளர் ரெக்ராகி பிரான்சில். எங்கள் தெருவில் பாதிப் பேர் பிறந்தது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிகளில். ஓட்டு சித்தூர் தொகுதியில். கல்யாணப் பட்டு ஒப்பணக்கார வீதியில். யாரும் இதைக் குழப்பம் என்று நினைப்பதில்லை. எனக்கு இந்த அணிதான்.

டிசம்பர் 14, புதன்

அர்ஜென்டினா 3, குரோஷியா 0. முகமூடி போட்ட அந்த இருபது வயது குவார்டியோலை மெஸ்ஸி ஓரமாகவே இழுத்துக்கொண்டு போய், திருப்பி, ஆல்வாரெஸுக்குக் கொடுத்தது நியாயமே இல்லை. எதிரணி ஆளாக இருந்தாலும் அதற்குக் கை தட்டினேன். இவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

டிசம்பர் 15, வியாழன்

இதுவரை எதிரணி வீரர் ஒருவரையும் கோல் போட விடாத மொராக்கோக்காரர்கள், பிரான்சுக்கு ஐந்தாவது நிமிடத்திலேயே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். 2-0. பின்னணி வரிசையில் அகெர்ட் ஆட்டத்துக்கு முன்பே விலகினார், கேப்டன் சைஸ் பாதி ஆட்டம்கூட நிற்க முடியவில்லை. எல் யாமிக் தலைகீழாக அடித்த பந்து கம்பத்தில் பட்டது. அது மட்டும் உள்ளே போயிருந்தால்!

பையன்கள் காலையில் வந்தார்கள். "அக்கா, பிரான்ஸ் கொடி மூன்று பட்டைதானே, சீக்கிரம் முடிந்துவிடும் அல்லவா?" சனிக்கிழமை மூன்றாம் இடத்துக்கு ஆட்டம் இருக்கிறது, அதுவரை கொடியை இறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர் 17, சனி

குரோஷியா 2, மொராக்கோ 1. இவர் ஒரு வாரத்துக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டார்.

டிசம்பர் 18, ஞாயிறு, மதியம்

இன்று இரவு இறுதி ஆட்டம். வீட்டில் பிரேசில்காரர்கள் அனைவரும் பிரான்ஸ் பக்கம். 1998 இறுதியில் 3-0 என்று அடித்தவர்கள், 2006 காலிறுதியில் ஆன்ரி வெளியே அனுப்பியவர், எல்லாம் மன்னிக்கப்பட்டது. அர்ஜென்டினா வாங்கக் கூடாது, அது ஒன்றே கொள்கை. போன வருடம் கோபா அமெரிக்கா இறுதியில் பிரேசிலின் சொந்த மைதானமான மரக்கானாவிலேயே அர்ஜென்டினாவின் டி மரியா போட்ட கோல் இன்னும் ஆறவில்லை.

எனக்கு அந்தக் கோபத்தில் பங்கு இல்லை. முதல் ஆட்டத்தில் சவூதியிடம் தோற்று ஊரே சிரித்த அணி இது. கொழுந்தன் அன்று கடைக்குப் பின்வாசல் வழியாக வந்தான். அங்கிருந்து இறுதிவரை வந்ததை ஒவ்வொரு ஆட்டமாகப் பார்த்திருக்கிறேன். அர்ஜென்டினா என்று சமையலறையில் அத்தையிடம் சொன்னேன். "நெய்மார் அதில் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்படியானால் உன் இஷ்டம்" என்றார்.

டிசம்பர் 19, திங்கள்

கொழுந்தனுக்கும் எனக்கும் தமிழ் வர்ணனை, இவருக்கு மலையாளம். இரண்டு போன்களிலும் சத்தம் முன்னும் பின்னுமாக வந்ததால் ஒவ்வொரு கோலையும் இரண்டு முறை கேட்டோம். அர்ஜென்டினா 2-0 என்று முன்னால் இருந்தபோது இவர் தூங்குவது போலப் படுத்தார். பிரான்சின் எம்பாப்பே இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு போட்டதும் எழுந்தவர் பிறகு உட்காரவே இல்லை. மெஸ்ஸி, மறுபடி எம்பாப்பே, 3-3. முடியப் போகும் நேரத்தில் பிரான்சின் கோலோ முவானி தனியாகப் பந்தோடு வந்தார். எங்கள் கோல்கீப்பர் மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். நான் போட்ட கூச்சலில், தூங்கப் போயிருந்த அத்தை டார்ச் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பெனால்டியில் மோன்டியல் அடித்து அர்ஜென்டினா ஜெயித்ததும் கொழுந்தன் அழுதுவிட்டான். "அண்ணி, நீங்கள் மட்டும்தான் என் கட்சி" என்றான். கடைசி ஒரு நாள்தானே என்றேன். அவனுக்கு அது போதும் போலிருக்கிறது.

காலையில் இவர் காபியோடு கடைப்பக்கம் வந்து, அடுத்த முறை யார் என்று கேட்டார். 2026-ல் 48 அணிகள் ஆடப் போகின்றன. யோசிக்க நேரம் இருக்கிறது, கொடித் துணிக்கு மட்டும் இப்போதே முன்பணம் கொடுத்துவிடுங்கள் என்றேன்.