குழந்தைக்கு வலிக்காத விரை வீக்கம்: மூன்று நடையில் கிடைத்த விடை

மருத்துவமனைக்குப் போன முதல் நடை வீணானதற்குக் காரணம், காலையில் போனது. தூங்கி எழுந்த குழந்தைக்கு வீக்கம் வடிந்திருக்கும். ஓடி, அழுது, மாலையானால் பருத்துவிடும். "ஒன்றும் தெரியவில்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் இந்தக் கூடிக் குறைதல்தான் முக்கியமான துப்பு. வயிற்றிலிருந்து விரைப்பைக்கு வரும் பாதை மூடாமல் இருந்தால் நீர் ஏறி இறங்கும். அதனால் மாலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். எந்த நேரத்தில் பெரிதாகிறது, படுத்தால் வடிகிறதா என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போங்கள்.

இரண்டாவது நடையில் டார்ச் அடித்தார்கள், சிவப்பாக ஒளிர்ந்தது, "நீர்தான்" என்று முடிந்தது. இது போதாது. கைக்குழந்தையின் குடல் சுவர் மெல்லியது. குடலிறக்கமும் (ஹெர்னியா, குடல் கீழே இறங்குவது) அப்படியே ஒளிரக்கூடும். வீக்கத்துக்கு மேலே விரல்களைச் சேர்க்க முடிகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அது தொடையிடுக்கிலிருந்து இறங்குகிறது. விரை தனியாகக் கைக்குத் தட்டுப்படுகிறதா என்பது அடுத்த கேள்வி. தட்டுப்படாவிட்டால் ஸ்கேன் கட்டாயம், ஏனென்றால் கட்டியைச் சுற்றியும் நீர் கோக்கும்.

எங்கள் முதல் ஸ்கேன் அறிக்கையில் "நீர் உள்ளது" என்ற ஒரே வரி. பயனில்லை. இரு விரைகளின் அளவு, உள்ளே சதை சீராக உள்ளதா, டாப்ளர் ஸ்கேனில் இரத்த ஓட்டம், இரு பக்கத் தொடையிடுக்கு எல்லாம் வேண்டும் என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் மூன்றாவது முறை போனபோது சந்தேகம் தீர்ந்தது: ஹைட்ரோசீல், அதாவது விரையைச் சுற்றி நீர் கோப்பது; பொறுத்துப் பார்க்கலாம். பிறவி ஹைட்ரோசீல் பெரும்பாலும் 1 முதல் 2 வயதுக்குள் தானாக வற்றும். அதுவரை யாராவது ஊசி போட்டு நீரை எடுக்கலாம் என்றால் மறுத்துவிடுங்கள். பாதை திறந்திருக்கும்வரை நீர் திரும்ப வரும், கிருமியும் நுழையும். குடலிறக்கம் என்றால் காத்திருப்பு கிடையாது, அறுவை சிகிச்சைதான்.

வீக்கம் கல் போல இறுகியிருந்து, ஒளி ஊடுருவாவிட்டால் நாள் கடத்தக் கூடாது. உடனே ஸ்கேன், அறுவைக்கு முன்பே, கட்டி இருந்தால் கூடக்கூடிய ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. அளவுகளுக்கான இரத்தப் பரிசோதனைகள். முதல் சில மாதங்களில் ஏ.எஃப்.பி. இயல்பாகவே அதிகமாக இருக்கும். வயதுக்கான அளவோடு ஒப்பிடாமல் பதற வேண்டாம். கட்டி என்று சந்தேகம் இருந்தால் விரைப்பை வழியாக ஊசியோ கத்தியோ போகக் கூடாது, தொடையிடுக்கு வழியாகத்தான் அணுகுவார்கள்.

வளரும் பையன்களுக்கு இடப்பக்கம் புழுக்கூட்டம் போலத் தட்டுப்பட்டால் வேரிகோசீல், அதாவது விரைக்கு மேலே சிரைகள் புடைப்பது. படுத்தால் மறைய வேண்டும். மறையாவிட்டாலோ, வலப்பக்கம் மட்டும் இருந்தாலோ வயிற்றையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இரு பக்கமும் வீங்கி, முகமும் காலும் ஊதியிருந்தால், சிறுநீரகக் கோளாறா என்று அறிய, சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும்.

வலி இல்லை என்பதை வைத்து மட்டும் நிம்மதி அடையாதீர்கள். பிறந்த குழந்தைக்கு விரை முறுக்கிக்கொண்டாலும் வலி தெரியாமல், இறுகி, நீலம் பாரித்துக் கிடக்கலாம். அன்றே போக வேண்டும். காத்திருக்கும் நாட்களில் வீக்கம் திடீரென இறுகி, உள்ளே போகாமல், வாந்தியும் வந்தால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.