டிரம் நிறைந்த பிறகு பெய்யும் மழை

வீட்டுத் தோட்டத்துக்கு மழைநீர் என்றதும் பலரும் முதலில் தொட்டி விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 1000 சதுர அடி மொட்டைமாடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, 1000 லிட்டர் தொட்டி 11, 12 மி.மீ. மழையிலேயே தளும்பிவிடும். சென்னையில் கார்த்திகை மாதத்தில் ஒரே நாளில் 100 மி.மீ. பெய்வது புதிதல்ல. அன்று மாடியில் விழுவது 9300 லிட்டர். மிஞ்சும் 8300 லிட்டர் எங்கே போகும்?

2015 டிசம்பர் முதல் தேதி மழையில் தாம்பரம் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. வாங்கியது. 2019 ஜூனில் இதே சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடங்களோடு காத்திருந்தோம். இரண்டுக்கும் தாக்குப்பிடிக்கும் பெரிய தொட்டி, காலடியில் உள்ள மண்தான்.

மண் எவ்வளவு குடிக்கும் என்று முதலில் பாருங்கள். ஒரு அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளக்கவும். திருவான்மியூர் பக்கத்து மணலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும். அண்ணா நகர், விருகம்பாக்கம் களிமண்ணில் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு மணிக்கு ஒரு அங்குலத்துக்குக் கீழே என்றால், மிஞ்சும் மழைநீரை மண்ணுக்குள் இறக்க வெறும் குழி போதாது. குழியின் அடியில் 6 அங்குல விட்டத்தில் 10 முதல் 15 அடிக்குத் துளை போட்டுக் கூழாங்கல் நிரப்ப வேண்டும்.

குழி முழுக்க ஜல்லி கொட்டுவது பரவலாக நடக்கும் தவறு. 3 அடிக்கு 3 அடி, 5 அடி ஆழக் குழி 1270 லிட்டர் கொள்ளும். ஜல்லி நிரப்பிவிட்டால் இடுக்குகளில் நிற்பது 500 லிட்டர்தான். 3 அடி விட்ட சிமென்ட் உறைகளை 6 அடிக்கு இறக்கி, அடியில் ஒரு அடி மட்டும் ஜல்லி போட்டால் ஆயிரம் லிட்டர் நிற்கும், சேறும் அள்ளலாம். அடியைப் பூசக் கூடாது. மேலே கனமான மூடி கட்டாயம். அஸ்திவாரத்திலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் 10 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

கோடைக்குப் பின் வரும் முதல் மழையில் தூசி, சருகு, புறா எச்சம் எல்லாம் சேர்ந்து வரும். அதை விலக்க 100 முதல் 200 லிட்டர் வெளியே போக வேண்டும். இந்த முதல் நீரைப் பிடிக்கக் கடையில் மாட்டித் தரும் 3 அடி நீள, 4 அங்குலக் குழாய் பிடிப்பது வெறும் 8 லிட்டர். 200 லிட்டர் டிரம்மே சரி. அதன் அடியில் சொட்டுச் சொட்டாக வடிய ஒரு சின்ன ஓட்டை வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அது நிறைந்தே நிற்கும், அழுக்கு நேரே குழிக்குப் போய் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

தொட்டி நிறைந்து வழியும் தண்ணீரை வாழைப் பாத்திக்கு விட்டு, அங்கிருந்து உறைக்குழிக்கு, அதுவும் நிறைந்தால் தெரு மழைநீர் வடிகாலுக்கு. 10 அடிக்கு ஒரு அங்குலச் சரிவு போதும். பப்பாளியை இந்த வழியில் வைக்கவே வைக்காதீர்கள், இரண்டு நாள் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். அதற்கும் மிளகாய், தக்காளிக்கும் ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி.

தை பிறந்ததும் மூடாக்கு: 3, 4 அங்குலக் கனத்துக்குச் சருகு, தண்டைத் தொடாமல். தென்னை இருந்தால் தேங்காய் மட்டையைப் போல நல்லது வேறில்லை. வட்டப்பாத்தியின் மேலே பரப்பினால் கவிழ்த்து வையுங்கள், வெயிலுக்குக் குடை. அகழி வெட்டிப் புதைத்தால் குழிந்த பக்கம் மேலே இருக்கட்டும், அப்போதுதான் நீரைப் பிடித்து வைக்கும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் மாடி வடிகால் வாயில் சருகு அள்ளுங்கள், முருங்கைக் கிளையைக் கழியுங்கள். வழிகுழாயையும் பாருங்கள். தொட்டிக்குள் நீர் வரும் குழாய் 4 அங்குலம், வழியும் குழாய் ஒரு அங்குலம் என்று பல வீடுகளில் இருக்கிறது. நீர் மூடியைத் தாண்டிக் கொட்டிச் சுவரடி மண்ணை அரித்துவிடும். வழிகுழாயும் அதே 4 அங்குலம் இருக்க வேண்டும், அதன் வாயிலும் கொசுவலை கட்ட வேண்டும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும்.