எலியின் மண்ணீரலிலிருந்து எதிர்ப்பொருள் வரை

ஜூன் 3
ஒரே வகை எதிர்ப்பொருளை (நோயெதிர்ப்புப் புரதத்தை) ஓயாமல் சுரக்கும் செல்லை உருவாக்குவதுதான் நோக்கம். சுண்டெலியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் நன்றாக ஏறியிருக்கிறது. இன்று கடைசி ஊசி. மூன்று நாளில் மண்ணீரலை எடுக்க வேண்டும். எதிர்ப்பொருளைச் செய்யும் பி செல்கள் மும்முரமாகப் பெருகும் நேரம் அதுதான்.

ஜூன் 6
இரு வகைச் செல்களை ஒன்றாக இணைக்கும் நாள். மண்ணீரல் செல்லுக்கு எதிர்ப்பொருள் செய்யத் தெரியும், தட்டில் நீடித்து வாழத் தெரியாது. மைலோமா புற்றுச் செல்லுக்கு ஆயுள் உண்டு, சுரப்பு இல்லை. இரண்டையும் ஒரே குழாயில் படியவைத்து, செல்களை ஒட்டி இணைக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் 1 மில்லிலிட்டரை ஒரு நிமிடம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட்டு, பைப்பெட் நுனியால் மெல்லக் கலக்கினேன். தேனைப் போல் இழுக்கிறது. அதிக நேரம் விட்டுவைத்தால் செல்களுக்கு நஞ்சு. பேசிக்கொண்டே செய்கிற வேலை அல்ல.

ஜூன் 7
இணைந்த செல்களை மட்டும் பிழைக்கவிடும் ஹாட் (HAT) ஊடகம், அதாவது வளர்ப்புத் திரவம், ஊற்றினேன். எல்லோரும் இணைப்பைப் பற்றியே பேசுகிறார்கள். சூட்சுமம் இங்கேயல்லவா இருக்கிறது! டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருளைச் செல் புதிதாகத் தயாரிக்கும் வழியை அதிலுள்ள அமினோப்டெரின் என்ற மருந்து அடைத்துவிடும். மாற்றுவழிக்கு எச்ஜிபிஆர்டி நொதி வேண்டும். அது இல்லாத மைலோமாவாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறோம். மண்ணீரல் செல் கொண்டுவந்தால்தான் உண்டு. இணையாத மைலோமா சாகும், இணையாத மண்ணீரல் செல் தானே மடியும். விஞ்ஞானி லிட்டில்ஃபீல்ட் 1964-இல் வகுத்த இந்த வடிகட்டலைத்தான், இந்த எதிர்ப்பொருள் முறையைக் கண்டுபிடித்த கோஹ்லரும் மில்ஸ்டீனும் 1975-இல் கேம்பிரிட்ஜில் எடுத்தாண்டார்கள். அவர்களுக்கு 1984-இல் நோபல் பரிசு வந்தது.

ஜூன் 11
செத்த செல்கள்தான் தெரிகின்றன.

ஜூன் 17
சில குழிகளில் ஊடகம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பியிருக்கிறது. செல் வளர்ந்தால் அமிலம் சேரும். நுண்ணோக்கியில் உருண்டையான, பளிச்சென்ற கூட்டங்கள். வேண்டிய எதிர்ப்பொருள் இருந்தால் நிறம் காட்டும் எலைசா சோதனையில் பார்த்தால் பெரும்பாலான குழிகளில் நிறமே வரவில்லை. வளர்வது வேறு, நமக்கு வேண்டியதைச் சுரப்பது வேறு.

ஜூன் 20
தேறிய குழிகளை நீர்த்து, 96 குழித் தட்டில் குழிக்குச் சராசரியாக 0.5 செல் விழும்படி பிரித்தேன். பாதிக்கு மேல் காலியாக இருக்கும், இருக்கட்டும். ஒரே குழியில் இரண்டு வம்சம் இருந்தால் சுரக்காத சோம்பேறிதான் வேகமாகப் பெருகி மற்றதை அமுக்கிவிடும். மீதிச் செல்களை உறையவைத்தாயிற்று.

ஜூலை 4
மிக அதிகமாகச் சுரந்த குளோன் (ஒரே செல்லின் வம்சம்) செய்வது ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள். எதிர்ப்பொருளைப் பிடித்துச் சுத்திகரிக்கும் புரோட்டீன் ஏ பத்தியில் சரியாக ஒட்டாது, தலைவலி. அடுத்ததாக நின்ற, ஐஜிஜி2ஏ என்ற இன்னொரு வகையைச் சுரக்கும் குளோனையே எடுத்துக்கொண்டு மறுபடியும் நீர்த்தேன். ஒரு முறை பிரித்ததை நம்பக்கூடாது.

ஜூலை 20
எல்லாக் குழிகளிலும் ஒரே வகைச் சுரப்பு. இனிக் குடுவையில் பெருக்கலாம். இதை மருந்தாக்கலாமா என்று இளைய மாணவி கேட்டாள். அப்படியே முடியாது. எலிப் புரதத்துக்கு எதிராக மனித உடல் தானே எதிர்ப்பொருள் செய்யும். இந்த வகை எதிர்ப்பொருள்களில் 1986-இல் அனுமதி பெற்ற முதல் மருந்தான ஓகேடி3-க்கும் அந்தச் சிக்கல் இருந்தது. மருந்துக்கென்றால் மரபணுவை எடுத்து மனித வடிவத்துக்கு மாற்றி, பெரும்பாலும் சீன வெள்ளெலியின் சூலகச் செல்லில் வளர்க்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது பரிசோதனைக் கருவிக்கு. அதற்கு எலியுடையதே போதும்.