20 குதிரைசக்தில கடந்த மணல்

ஓமன்ல எண்ணெய் சர்வே கேம்ப்ல வண்டி மெக்கானிக்கா இருந்தப்போ புதுசா வர்ற டிரைவர் பசங்க முதல்ல கேக்குறது இஞ்சின் எத்தனை குதிரைசக்தின்னுதான், எட்டு சிலிண்டர் வி8ன்னா ஒரே குஷி, அப்புறம் டயர்ல காத்து எறக்க சோம்பேறித்தனப்பட்டு மணல்ல ஆக்சில் வரைக்கும் புதைச்சுட்டு ரேடியோல கூப்பிடுவாங்க.

அப்பல்லாம் எனக்கு பேக்னால்ட் ஞாபகம்தான் வரும். 1920கள்ல எகிப்துல இருந்த பிரிட்டிஷ் ராணுவ சிக்னல்ஸ் ஆபீசர், லீவு போட்டு நண்பர்களோட லிபியப் பாலைவனத்துக்குள்ள கார் ஓட்டிட்டுப் போனவர். ஆரம்பத்துல ஃபோர்டு மாடல் டி, வெறும் 20 குதிரைசக்தி! டயர்ல காத்தைக் குறைச்சாதான் மணல் தாங்கும்னு ஓட்டிப் பாத்தே புரிஞ்சுக்கிட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க தண்ணிய காப்பாத்துன விதம். அந்தக் கால ரேடியேட்டர் சூடானா ஆவியா வெளிய போயிரும், பாலைவனத்துல அது குடிக்கிற தண்ணில கை வெச்ச மாதிரி. அதனால ரேடியேட்டர்ல இருந்து ஒரு டியூப் இழுத்து பாதி தண்ணி இருக்குற கேன்ல விட்டாங்க, ஆவி அங்க போய் குளிர்ந்து தண்ணியாயிரும், கேனும் கொதிச்சா வண்டிய காத்துக்கு எதிரா திருப்பி நிறுத்திட்டா கொஞ்ச நேரத்துல ரேடியேட்டர் குளிர்ந்து அந்தத் தண்ணிய அதுவே திருப்பி உறிஞ்சிக்கும். இது அவரோட கண்டுபிடிப்புன்னு சொல்ல மாட்டேன், முதல் உலகப் போர்லயே அந்தப் பக்கம் ரோந்து போன ஃபோர்டுகள்ல இருந்ததுதான். இப்ப நம்ம கார்ல இருக்குற கூலன்ட் பாட்டிலும் கிட்டத்தட்ட அதே வேலையத்தான் செய்யுது.

புதைஞ்ச வண்டிய எடுக்க சக்கரத்துக்கு அடியில வைக்க கெய்ரோ பழைய இரும்புக் கடையில போர்க்காலத்து எஃகுத் தகடு வாங்கிட்டுப் போனாங்க, எங்க வண்டி கூரையில கட்டியிருந்த தகடும் அந்த வம்சம்தான். காரோட இரும்பு காந்த திசைகாட்டிய குழப்புனதால வெயில்ல விழுற ஒரு ஊசியோட நிழல பாத்து வழி புடிச்சாரு மனுஷன்.

கடைசில மணல் காத்துல எப்படி நகருதுன்னு ஆராய்ச்சியே பண்ணி 1941ல புத்தகமா போட்டாரு, செவ்வாய்க் கிரக மணல்மேட்டப் பத்தி படிக்கிறவங்களுக்குக்கூட அது உதவுது. நம்ம பசங்க அவ்வளவெல்லாம் படிக்க வேணாம், அழுத்தம் பாக்குற கேஜ் எடுத்து டயர் காத்த 15 பிஎஸ்ஐக்கு எறக்கிட்டு கெளம்புனா போதும், நானும் ராத்திரி நிம்மதியா தூங்குவேன்.